வெக்கை போன கதை: இராணிப்பேட்டை முதல் ஹைதராபாத் வரை

சைனிக்புரியில் ஒரு கால்நடை மருத்துவர் குடியிருக்கிறார் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது நாயைப் பற்றித்தான். "டாக்டர் சார், குட்டிக்கு ரேபீஸ் ஊசி எத்தனாவது மாசம் போடணும்?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். நாமும் சொல்லி அனுப்புவோம். ஆனால் வேப்பேரிக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்களில் ஒரு சிறு பிரிவினர் உண்டு. நாயையோ மாட்டையோ தொட்டு வைத்தியம் பார்க்கும் வாய்ப்பே அதிகம் இல்லாமல், முப்பது முப்பத்தைந்து வருட சர்வீஸையும் தடுப்பூசித் தயாரிப்புக் கூடத்திலேயே கழித்தவர்கள். அடியேனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். மலர்க் குழுவினர் "உங்க துறையைப் பத்தி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது, என் சொந்தக் கதையைவிட எங்கள் துறையின் கதையே எழுதத் தகுந்தது என்று தோன்றியது. அதிலும் ஒரு நோயின் கதை. உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்ட நோய்கள் இதுவரை இரண்டே இரண்டுதான். ஒன்று பெரியம்மை, அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று மாட்டுக்கு வந்த வெக்கை நோய். அது இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது நம் தமிழ்நாட்டில் என்பதும், அந்த நோய்க்கு மருந்து தயாரித்த ஊருக்குப் பக்கத்திலேயே என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்றைய பிள்ளைகளுக்கு "வெக்கை" என்றால் ஏப்ரல், மே மாத ஹைதராபாத் வெயில். நம் பாட்டன் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஊரே நடுங்கும். மாட்டுக்குக் கடும் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் புண் வெடிக்கும். பிறகு நிற்காத கழிச்சல். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் மாடு விழுந்துவிடும். ஒரு தொழுவத்தில் வந்தால் தெருவே காலி. உழவு மாடு போனால் அந்த வருஷ வெள்ளாமை போயிற்று. கடன் வாங்கி வேறு மாடு பிடிக்க வேண்டும், அந்தக் கடன் அடுத்த தலைமுறை வரை வரும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், ஊர் எல்லையில் வேப்பிலை கட்டுவதும், சந்தைக்கு மாடு ஓட்டிப்போவதை நிறுத்துவதும் அன்றைய வைத்தியம். இதில் கடைசியாகச் சொன்னது நல்ல விஞ்ஞானம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நோய் பரவுவது மாடு மாட்டோடு நெருங்கும்போதுதான்.

இந்த வைரஸ் மனிதருக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு. ஐரோப்பாவை இது பலமுறை சூறையாடியிருக்கிறது. 1762-ல் பிரான்ஸின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதற்கே இந்த மாட்டுக் கொள்ளைநோய் ஒரு முக்கியக் காரணம். 1880-களின் இறுதியில் இத்தாலியப் படைகளோடு வந்த மாடுகள் மூலம் எரித்திரியாவில் இறங்கி, சுமார் பத்தே ஆண்டில் தென்னாப்பிரிக்கா வரை போனது. ஆப்பிரிக்க மாடுகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது செத்தன. எத்தியோப்பியாவில் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மடிந்ததாகக் கணிக்கிறார்கள். மாட்டுக்கு வந்த நோய் மனிதனை எப்படிக் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் ஆங்கிலேய அரசு இதைக் கவனிக்கத் தொடங்கியதற்கு விவசாயி மேல் வைத்த பாசம் மட்டும் காரணமில்லை. பீரங்கியும் வெடிமருந்தும் இழுத்தவை மாடுகள். 1869-ல் ஹாலன் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1871-ல் அறிக்கை வந்தது. 1889-ல் புனேயில் ஒரு நுண்ணுயிர் ஆய்வகம் தொடங்கினார்கள். நெரிசலான ஊரில் இப்படிப்பட்ட கிருமிகளை வைத்திருப்பது ஆபத்து என்பதால், 1893-ல் அதைத் தூக்கிக் கொண்டுபோய் இமயமலையில் குமாவோன் பகுதியின் முக்தேஸ்வர் மலை உச்சியில் வைத்தார்கள். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலவேர் அதுதான். 1897-ல் ராபர்ட் காக் அந்த மலைக்கு வந்து போனார். அதற்குச் சற்று முன்தான் அவர் தென்னாப்பிரிக்காவில், வெக்கையில் செத்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போட்டு மற்ற மாடுகளைக் காக்கும் முறையைச் சொல்லியிருந்தார். அதே 1897-ல்தான் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்குப் பேகம்பேட்டையில் நினைவிடம் இருக்கிறது. மாட்டுக்காக உழைத்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

பித்தநீர் முறை அதிகக் காலம் நிற்கவில்லை. அடுத்து வந்தது சீரம். நோய் கண்டு பிழைத்த மாட்டுக்கோ எருமைக்கோ மேலும் மேலும் வைரஸைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை ஏற்றி, அந்த இரத்தத்தைப் பிரித்தெடுத்து நோய் பரவும் ஊர் மாடுகளுக்கு ஊசியாகப் போடுவது. பலன் உடனே தெரியும், ஆனால் சில வாரங்களே நிற்கும். கடன் வாங்கிச் செலவழித்த மாதிரி. மாட்டின் எடைக்கு ஏற்ப நிறைய சீரம் வேண்டும், விலையும் கூட. கடும் வைரஸையும் சீரத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஆயுள் முழுக்க எதிர்ப்பு வரும். ஆனால் அந்த வைரஸ் இன்னொரு மாட்டின் இரத்தத்தில் வருவதால், அதோடு உண்ணிக் காய்ச்சல் போன்ற வேறு நோயும் சேர்ந்து வந்துவிடும்.

இங்கேதான் ஜே.டி. எட்வர்ட்ஸ் வருகிறார். 1920-களில் முக்தேஸ்வர் நிறுவனத்தின் இயக்குநர். மாட்டின் இரத்தத்தால் வரும் தொல்லையைத் தவிர்க்க வைரஸை ஆட்டில் வளர்த்துப் பார்த்தார். ஒரு ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனார். நூற்றுக்கணக்கான முறை மாறிய பிறகு, அந்த வைரஸ் ஆட்டுக்குப் பழகிப்போய் மாட்டிடம் தன் கொடுமையை இழந்திருந்தது. நாட்டு மாட்டுக்குப் போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பிறகு ஆயுளுக்கும் வெக்கை அண்டாது. சீரமே தேவையில்லை. இதைக் களத்தில் துணிந்து போட்டுப் பார்த்தவர்களில் மத்திய மாகாணத்து ஸ்டர்லிங் முக்கியமானவர். சென்னை மாகாணத்தில் சாண்டர்ஸும் கே.கே. அய்யரும் 150 ஆடுகளில் வரிசையாக வைரஸைக் கடத்தி, ஒவ்வொரு படியிலும் என்ன மாற்றம் என்று எழுதி 1936-ல் இந்தியக் கால்நடை அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். 86 பக்கக் கட்டுரை அது. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கண்முன் வருவது, தேதி போட்டு, காய்ச்சல் அளவு குறித்து வைத்த நோட்டுப் புத்தகங்கள்தான். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை வெப்பமானியோடு ஆட்டுக் கொட்டகைக்குப் போனவர்களின் பெயர் கட்டுரையில் இருக்காது.

சென்னை மாகாணத்துக்கென ஒரு சீரம் நிலையம் 1932-ல் வட ஆர்க்காடு மாவட்டம் இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டது. இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனம் என்று பெயர். செஞ்சி தேசிங்கு ராஜனின் ராணி பெயரால் அமைந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்து வைக்கிறேன். கோழிக்கு வரும் கழிச்சல் நோய்க்கு "இராணிக்கெட் நோய்" என்று பெயர். இராணிப்பேட்டையில் அதற்கு ஊசி மருந்து தயாரிப்பதால், இந்த ஊர்ப் பெயரால்தான் நோய்க்குப் பெயர் வந்தது என்று எங்கள் ஜூனியர்களே சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது குமாவோன் மலையில் இருக்கும் ராணிக்கேத். எட்வர்ட்ஸ்தான் 1920-களின் கடைசியில் அந்த நோயை அங்கே கண்டு பெயரிட்டார். ஏறக்குறைய அதே சமயம் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அதே நோய் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. ராணிகள் இருவரும் வேறு வேறு.

சரி, தயாரிப்பு என்றால் என்ன? ஆராய்ச்சியாளர் ஒரு முறை வெற்றி கண்டால் போதும், பெயர் நிற்கும். தயாரிப்பில் இருப்பவன் ஒவ்வொரு வாரமும் வெற்றி காண வேண்டும். ஆட்டுக்கு வைரஸைச் செலுத்துவார்கள். குறிப்பிட்ட நாளில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அதை அறுத்து மண்ணீரலை எடுத்து அரைப்பார்கள். ஒரு ஆட்டின் மண்ணீரல் நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு ஆகும். ஆரம்பத்தில் அதை ஐஸில் வைத்து ஓட்டமாக ஓட வேண்டும். பின்னால் உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சித் தூளாக்கும் முறை வந்ததும் நிம்மதி. ஆனாலும் ஒவ்வொரு தொகுதியிலும் வேறு கிருமி கலந்திருக்கிறதா, வீரியம் இருக்கிறதா, மாட்டுக்குக் கெடுதல் செய்யாதா என்று சோதிக்காமல் ஒரு புட்டிகூட வெளியே போகக் கூடாது. சோதனையில் ஒரு தொகுதி தேறவில்லை என்றால் மொத்தத்தையும் அழிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் மருந்து கேட்டு எல்லா மாவட்டங்களிலிருந்தும் தந்தி வந்துகொண்டிருக்கும்போது, தேறாத தொகுதியை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது சாதாரணக் காரியமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-ல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஐந்து வருடத்தில் நாட்டின் மாடு எருமைகளில் நூற்றுக்கு 80-க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தானே அடங்கும் என்பது கணக்கு. உண்மையிலேயே பெரும் பலன் கிடைத்தது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் இருந்த நோய்க் கிளர்ச்சிகள் நூற்றுக்கணக்காகக் குறைந்தன. அதோடு நின்றுவிட்டது! அடுத்த முப்பது வருடமும் ஊசி போட்டார்கள், கோடிக்கணக்கில் போட்டார்கள், நோய் போகவில்லை.

ஏன்? இது எங்கள் துறையின் மிகப் பெரிய பாடம் என்பேன். ஊசி போடப் போகிறவர் கட்டுத்தறியில் நிற்கும் சாதுவான மாட்டுக்குத்தான் போடுவார். போன வருடம் போட்ட அதே மாடு. அது ஏற்கெனவே ஆயுள் எதிர்ப்புப் பெற்றுவிட்டது. புதிதாகப் பிறந்த கன்று விடுபடும். மேய்ச்சலுக்கு மலைக்குப் போன மந்தை விடுபடும். சந்தை சந்தையாக நடந்துகொண்டே இருக்கும் வியாபார மாடு எந்த ஊர்க் கணக்கிலும் வராது. ரிஜிஸ்டரில் எண்ணிக்கை மட்டும் நிறைந்திருக்கும். போட்ட ஊசியை எண்ணினார்களே தவிர, மந்தையில் எத்தனை மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று எண்ண வழியில்லாமல் இருந்தது. வட மாநிலங்களில் நோய் அருகிப்போன பிறகும் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு அடங்கிய தென்னகத்தில் அது வேரூன்றி நின்றதற்கு இப்படி விடுபட்ட மந்தைகளே காரணம்.

இதற்கிடையே மருந்தும் மாறியது. ஆட்டு வைரஸ் நாட்டு மாட்டுக்குச் சரி. கலப்பின மாட்டுக்கும் மலை மாட்டுக்கும் கடுமையாக இருந்தது. அவற்றுக்கு, ஜப்பானிய விஞ்ஞானி நாகமுரா கொரியாவில் முயலில் பழக்கிய வைரஸைப் பயன்படுத்தினார்கள். பிறகு கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர், கன்றின் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்து அதில் வைரஸைத் தொண்ணூறு முறை கடத்தினார். 1960-களின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பூசி வெளிவந்தது. எந்த இன மாட்டுக்கும் போடலாம், ஆடு அறுக்க வேண்டாம், செலவு சொற்பம். இந்தியாவிலும் இராணிப்பேட்டை, ஹைதராபாத் சாந்திநகர் கால்நடை உயிரியல் ஆய்வு நிறுவனம் போன்ற மாநில நிலையங்கள் ஒவ்வொன்றாக அந்த முறைக்கு மாறின. பிளவ்ரைட்டுக்கு 1999-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2010-ல் காலமானார். இன்னும் ஒரே வருடம் இருந்திருந்தால் முடிவைப் பார்த்திருப்பார்.

1987-ல் தமிழ்நாட்டில் ஒரு புதிர் அவிழ்ந்தது. அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்து அரசூரில் செம்மறி ஆடுகள் வெக்கை போன்ற நோயில் செத்தன. மாட்டுக்கு ஒன்றுமில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஷைலாவும் தமிழகக் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, இது வெக்கை அல்ல, அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி நோய் என்று நிறுவினார்கள். 1942-ல் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட அந்த நோய் இந்தியாவில் இருப்பதே அப்போதுதான் உறுதியாயிற்று. 1989-ல் கட்டுரை வந்தது. இதன் பயன் என்னவென்றால், "ஆட்டிலிருந்து வெக்கை மறுபடி மறுபடி வருகிறது" என்று எழுதிவைத்த பல பழைய பதிவுகளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. எதிரி யார் என்று தெரியாமலே சில இடங்களில் சண்டை போட்டிருக்கிறோம்.

அதே 1987-ல் நடந்த இன்னொன்று. படைவீரர் குடும்பங்கள் நிறைந்த நம் காலனியில் இதைச் சொன்னால் சிலருக்குப் பழைய நினைவு வரலாம். 1940-களிலிருந்து வெக்கை இல்லாதிருந்த இலங்கைத் தீவில் அந்த ஆண்டு நோய் மறுபடி புகுந்தது. அமைதிப்படைக்கு உணவுக்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஆடுகள் வழியாக வந்தது என்பது ஆய்வாளர்கள் கூறும் காரணம். பாக் நீரிணையின் இரு கரையிலும் மாடு வைத்திருந்த ஏழைத் தமிழனுக்கு யுத்தம் போதாதென்று இதுவும் சேர்ந்தது. ஒரு நாட்டுக்குள் நோய் எஞ்சியிருக்கும் வரை அடுத்த நாட்டுக்கும் நிம்மதியில்லை என்று எல்லோரும் உணர்ந்த காலம் அது.

1992-ல் ஐரோப்பிய சமூகத்தின் நிதி உதவியோடு புதிய ஒழிப்புத் திட்டம் வந்தது. இந்த முறை எலைசா என்ற இரத்தப் பரிசோதனை கையில் இருந்தது. மந்தை மந்தையாக இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி உண்மையில் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். விடுபட்ட மந்தைகள் வெளிச்சத்துக்கு வந்தன. குளிர்பெட்டிகளும் ஜீப்புகளும் கிராமம் வரை போயின. கலக்கிய மருந்து சில மணி நேரத்துக்குள் தீர வேண்டும். வெயிலில் வைத்த புட்டி வெறும் தண்ணீருக்குச் சமம். இதை ஊசி போடுபவர் ஒவ்வொருவர் மனதிலும் பதிய வைத்ததே பாதி வெற்றி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

1995-ல் நாட்டின் கடைசி வெக்கை கண்டது. இடம், தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு பகுதி. அறுபத்து மூன்று வருடமாக அந்த நோய்க்கு எதிராக மருந்து தயாரித்துக்கொண்டிருந்த இராணிப்பேட்டை நிறுவனம் இருக்கும் அதே வட்டாரம்! இதைச் சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை. மருந்துக் கூடம் அருகில் இருப்பதும், மருந்து சரியான மாட்டின் உடம்புக்குள் போய்ச் சேருவதும் வேறு வேறு காரியங்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான கட்டம்: ஊசியை நிறுத்துவது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்தையும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்தையும் பரிசோதனையில் வேறுபடுத்த முடியாது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டே இருக்கும் நாடு, "எங்களிடம் வைரஸ் இல்லை" என்று ஒருநாளும் நிரூபிக்க முடியாது. நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு, புதிதாகப் பிறந்த கன்றுகளின் இரத்தத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் வைரஸ் ஒளிந்திருந்தால், எதிர்ப்பில்லாத கோடிக்கணக்கான மாடுகள் நடுவே அது வெளிவரும். "இத்தனை வருஷம் போட்டோமே, இன்னும் ரெண்டு வருஷம் போட்டுட்டுப் போறது" என்பது சாதாரண மனித மனம். அலுவலகங்களில் அந்த வாதம் ஓங்கி ஒலித்தது. கையெழுத்திட வேண்டியவர்கள் தூக்கம் கெட்டிருப்பார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அதுவரை இதே வெக்கைத் தடுப்பூசியைத்தான் ஆடுகளுக்குப் போட்டு வந்தார்கள். அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தினார்கள். 1998 மார்ச்சில் இந்தியா தற்காலிகமாக நோயற்ற நாடு என்று அறிவித்துக்கொண்டது. 2004-ல் நோயற்ற நாடு என்றும், 2006 மே மாதம் நோய்த்தொற்றே அற்ற நாடு என்றும் உலக விலங்கு நல அமைப்பு சான்று தந்தது. 2011-ல் உலகமே விடுபட்டதாக அந்த அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அறிவித்தன.

வாழ்நாள் முழுக்க ஒரு பொருளைத் தயாரித்தவனுக்கு, இனி அந்தப் பொருளே வேண்டாம் என்பது வெற்றி. வேறு எந்த ஃபாக்டரியிலும் இதைக் கொண்டாட மாட்டார்கள். வெக்கைப் பிரிவில் இருந்தவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். விதை வைரஸ்களை அழித்தார்கள், அல்லது பாதுகாப்பான இடத்துக்கு ஒப்படைத்தார்கள். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வகங்களே வெக்கை வைரஸ் பொருட்களை வைத்திருக்க அனுமதி பெற்றவை. போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகம் அவற்றில் ஒன்று.

இனி நம் ஹைதராபாத்துக்கு வருவோம். வெக்கை போன பிறகு மாட்டுக்காரனின் முதல் எதிரி கோமாரி. நம் பிள்ளைகள் தெலுங்கில் "காலிகுண்ட்டு" என்று கேள்விப்பட்டிருப்பார்கள். நாட்டு மாடு கோமாரி வந்தால் நொண்டி, எச்சில் ஒழுக நின்று, பெரும்பாலும் பிழைத்துவிடும். வெண்மைப் புரட்சிக் காலத்தில் வந்த கலப்பினப் பசுவோ பால் வற்றிப்போய், பிழைத்தாலும் பழைய நிலைக்கு வராது. பசுவை நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு அது சாவுக்குச் சமம். ஆகவேதான் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் 1982-ல் ஹைதராபாத்தில் இந்தியன் இம்யூனலாஜிகல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் வெல்கம் நிறுவனத்துத் தொழில்நுட்பத்தோடு கச்சிபௌலியில் கோமாரித் தடுப்பூசித் தொழிற்சாலை எழுந்தது. இன்று கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கும் கச்சிபௌலி அன்று பாறையும் முள்ளும். வேப்பேரியிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் பலர் ரயிலேறி இந்த நகரத்துக்கு வந்த காலம் அது. நம் சங்கத்து மூத்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த வரலாற்றில் பங்குண்டு.

வெக்கைக்கு வேலை பார்த்தவனுக்குக் கோமாரி ஒரு கசப்பான ஆசிரியர். வெக்கை வைரஸ் ஒரே வகை; ஒரு ஊசி ஆயுளுக்கும் காக்கும். கோமாரியில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை உலவுகின்றன. சி வகை 1995-க்குப் பிறகு காணப்படவில்லை. ஊசியின் பலன் ஆறு மாதம். நலிந்த உயிர் வைரஸாகக் கொடுக்கவும் முடியாது; கொன்றுதான் கொடுக்க வேண்டும். வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்லிலிருந்து 1960-களில் உருவான செல் வரிசையைப் பெரிய எஃகுத் தொட்டிகளில், திரவத்தில் மிதக்கவிட்டு வளர்ப்பார்கள். அதில் வைரஸைப் பெருக்கி, பிறகு ரசாயனத்தால் அதைக் கொன்று, ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று உறுதி செய்து, எண்ணெயோடோ வேறு துணைப்பொருளோடோ கலந்து புட்டியில் அடைப்பார்கள். இங்கே ஒரு சிறு ஓட்டை போதும். 2007-ல் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில், ஆய்வகமும் தடுப்பூசித் தொழிற்சாலையும் பகிர்ந்துகொண்ட பழைய கழிவுநீர்க் குழாயிலிருந்து வைரஸ் கசிந்து பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு நோய் வந்தது. அதனால்தான் இப்படிப்பட்ட கூடங்களில் உள்ளே போனவர் குளித்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். "சோப்பு செலவு எங்களுக்கு மிச்சம்" என்று வீட்டில் தமாஷ் பண்ணுவார்கள்.

கோமாரி வந்தால் மேலை நாடுகளில் மந்தையோடு கொன்று எரிப்பார்கள். 2001-ல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகள் அப்படிப் போயின. நம் நாட்டில் அது நடக்கிற காரியமா? ஊசி ஒன்றே வழி. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு, கோமாரியும் புருசெல்லா நோயும் சேர்த்து, ஐந்து ஆண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2030-க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கோடிக்கணக்கான மாடு எருமைகளுக்கு. 1954-ன் பழைய பாடம் இங்கேயும் பொருந்தும்: எத்தனை புட்டி காலியானது என்ற கணக்கைவிட, எத்தனை கன்றின் இரத்தத்தில் எதிர்ப்பு ஏறியது என்ற கணக்குத்தான் முக்கியம்.

இத்தனை வருட மாட்டு ஊசி அனுபவம் மனிதனுக்கும் உதவியது. 2021-ல் கொரோனா அலையில் நாடு தடுப்பூசிக்குத் தவித்தபோது, நம் காலனியிலிருந்து ஷாமீர்பேட்டைப் பக்கம் போனால் வரும் ஜீனோம் வேலியில் தயாரான கோவாக்சினுக்கு மூலப்பொருள் தயாரித்துத் தர இந்தியன் இம்யூனலாஜிகல்ஸும் முன்வந்தது. ஆபத்தான வைரஸைப் பெருக்கிக் கொல்லும் வேலை அவர்களுக்குப் புதிதில்லையே. அதற்கடுத்த ஆண்டு மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து வடமாநிலங்களில் பசுக்கள் செத்து விழுந்தபோது, கைவசம் இருந்த ஆட்டம்மைத் தடுப்பூசியை அவசரத்துக்கு மாட்டுக்குப் போட்டார்கள். இரண்டு வைரஸும் நெருங்கிய உறவு என்பதால் அது பலித்தது.

அடுத்த வேட்டை ஆட்டுக்கொல்லிக்கு. 2030-க்குள் உலகிலிருந்தே அதை ஒழிக்க வேண்டும் என்று வெக்கையை முடித்த அதே இரு உலக அமைப்புகளும் இலக்கு வைத்துள்ளன. அரசூர் ஆட்டிலிருந்து 1987-ல் எடுத்த அந்த வைரஸைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் செல் வளர்ப்பில் பழக்கித் தடுப்பூசியாக்கியிருக்கிறார்கள். முக்தேஸ்வரில் உருவான வேறொரு தடுப்பூசியும் உண்டு. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று வருடம் காக்கும். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் வெள்ளாடு 14.9 கோடி, செம்மறி 7.4 கோடி. ஆட்டின் ஆயுள் குறைவு, குட்டிகள் அதிகம். மூன்று வருடத்தில் மந்தையே புதிதாகிவிடும். தக்காணத்துச் செம்மறி மந்தைகளோ புல் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் நடந்துகொண்டே இருப்பவை. ஊசி போடுபவர் அவற்றின் பின்னால் நடக்க வேண்டியிருக்கும்.